வேண்டுதலும் வைத்தியமும்: புற்றுநோய் வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே பல வீடுகளில் இரண்டு வேலைகள் தொடங்கிவிடுகின்றன. ஒருவர் ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி வாங்குகிறார். இன்னொருவர் மஞ்சள் துணியில் காசு முடிகிறார், அல்லது மாதா படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றுகிறார், அல்லது தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுகிறார். இரண்டும் தேவைதான். ஆனால் விரதம், மொட்டை, தீர்த்தம், நல்ல நேரம் என்று சில இடங்களில் ஒன்றோடொன்று உரசும். அங்கே திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். மருந்து, அளவு, தேதி ஆகியவற்றில் உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை.

1. சாமியை நம்பினா கேன்சர் குணமாகுமா? நேரா சொல்லுங்க.

கட்டியை அகற்றுவதும் சுருக்குவதும் அறுவை, கீமோ, கதிர்வீச்சு, மாத்திரைகள். பிரார்த்தனை அந்த வேலையைச் செய்யும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அமெரிக்காவில் 1,802 இதய பைபாஸ் நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் வேண்டிக்கொண்டதால் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையவில்லை. அதனால் பிரார்த்தனை வீண் என்று ஆகிவிடாது. அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது, அவ்வளவுதான்.

நம்பிக்கை செய்யும் வேலை வேறு. ஆறு மாதம் நீளும் சிகிச்சையைச் சோர்வாலும் பயத்தாலும் துணைக்கு ஆளில்லாததாலும் பாதியில் விடுபவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் பற்றிக்கொள்ள ஒரு பெயர் இருப்பதும், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஜெபக்குழுவிலோ பஜனைக் கூட்டத்திலோ நாலு பேர் இருப்பதும் அப்படிப்பட்டவரை மறுநாளும் சிகிச்சைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

2. நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லை. முன்ஜென்மப் பாவமா? யாராவது செய்வினை வெச்சிருப்பாங்களா?

இல்லை. நமக்குத் தெரிந்த காரணங்கள் புகையிலை, பாக்கு, மது, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. கிருமி, வயது, செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை போன்றவை. பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றம் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் காரணம். பலருக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்டவே முடியாது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் அந்தக் குழந்தையோ தாயோ செய்த தவறு என்று எதுவும் இல்லை.

பாவம் என்ற பேச்சு நேரடியாகவே ஆளைக் கெடுக்கும். வெட்கப்பட்டு மார்பிலிருக்கும் கட்டியை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம்’ என்று சீடர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. இலையுதிர்வது போல நோயில் பாவங்கள் உதிர்கின்றன என்பது நபிமொழி. நோயைத் தண்டனையாக நினைத்தவர்களுக்கு மதமே தந்த பதில்கள் இவை.

3. கோபம் கோபமா வருது. பூஜை ரூமைத் திறக்கவே பிடிக்கலை. தப்பா?

தப்பில்லை. திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பியதே சூலை நோயின் வலியில்தான். திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் புகழ்ச்சியில் தொடங்கவில்லை. எமனைப் போல் வந்த இந்த நோயை விலக்க மாட்டீரா, நான் செய்த கொடுமை எதுவும் எனக்குத் தெரியவில்லையே என்ற முறையீட்டில் தொடங்குகிறது. விவிலியத்தில் வரும் யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். அய்யூப் நபி தம் துன்பத்தை இறைவனிடம் சொல்லியே அழைத்தார்.

கொஞ்ச நாள் விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும். கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் தேவலை என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வு. அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது.

4. கீமோ ஓடும்போது வெள்ளிக்கிழமை, சஷ்டி விரதம் இருக்கலாமா? மாத்திரை மட்டும் போட்டுக்கறேன்.

கீமோ ஏற்றும் நாளிலும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களும் வேண்டாம். ‘மாத்திரை மட்டும்’ என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கேப்சிடபின் மாத்திரையைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இமாட்டினிப் மாத்திரைக்குச் சாப்பாடும் பெரிய டம்ளர் தண்ணீரும் வேண்டும். வாந்தி வராமலிருக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். சிஸ்பிளாட்டின் ஏற்றிய பிறகு தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் சாப்பிடாமலிருந்தால் மயக்கம் வரை போகும். மாறாக, அபிராட்டெரோன் போன்ற சில மாத்திரைகளை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். அதனால் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால் (60 கிலோ ஆள் 57 ஆகியிருந்தால்) எந்த நாளிலும் பட்டினி விரதம் கூடாது. பால், பழம், கஞ்சி எடுத்துக்கொண்டு ஒருபொழுது இருப்பதைக்கூட மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். வீட்டில் உடம்புக்கு முடிந்த ஒருவர் உங்களுக்காக விரதத்தை ஏற்கலாம். சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் படைப்பார்கள். நோயாளி சாப்பிடட்டும், பசியை அவள் பார்த்துக்கொள்வாள்.

5. ரமலான் நோன்பை விட மனசு வரலை. விட்டா என்ன பரிகாரம்?

நோயாளியும் பயணியும் நோன்பை விட்டு வேறு நாட்களில் வைக்கலாம் என்பது குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்திலேயே வரும் சலுகை. சிகிச்சை முடிந்து உடம்பு தேறும் என்ற நிலையில் இருப்பவர் விட்ட நோன்பைப் பிறகு வைத்து ஈடுசெய்கிறார் (களா). இனி நோன்பு வைக்கவே இயலாது என்ற நிலையில் இருப்பவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யா கொடுக்கிறார். அளவை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது ‘கேன்சர்’ என்று மட்டும் சொல்லாமல், எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சொன்னால் சரியான பதில் கிடைக்கும்.

தொழுகையும் அப்படித்தான். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம். தண்ணீர் பட்டால் கெடுதி என்றால், தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுச் சுத்தம் செய்யும் தயம்மும் உண்டு. கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்பில் வைத்த குழாய்) கட்டு இருந்தால் அதன் மேல் ஈரக்கையால் தடவும் முறை இருக்கிறது. அதையும் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள்.

6. புரட்டாசி, தவக்காலத்துல அசைவம் நிறுத்தினா சத்து குறையுமா?

அசைவத்தை நிறுத்துவதில் ஆபத்தில்லை. அதற்கு ஈடு வைக்காமல் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ ஆளுக்குத் தினமும் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். அதே அளவு ஒரு டம்ளர் பாலிலோ 30 கிராம் உலர்ந்த கடலையிலோ பருப்பிலோ கிடைக்கும். நிறுத்தும் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு டம்ளர் பால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர், சோயா, கெட்டித் தயிர், பாசிப்பயறு எல்லாம் உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும்.

7. கோயிலுக்கு, சர்ச்சுக்குப் போகலாமா? கூட்டத்துக்குப் போகாதேன்னு நர்ஸ் சொல்றாங்க.

நாள் பார்த்துப் போகலாம். இங்கே பார்க்க வேண்டியது பஞ்சாங்கம் இல்லை, கீமோ அட்டை. பெரும்பாலான மருந்துகளில் ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகலாம். 21 நாள் சுழற்சி என்றால் மூன்றாவது வாரம் நல்லது. நடை திறந்தவுடன், வார நாளில், முகக்கவசத்தோடு போங்கள். பிரதோஷம், கிருத்திகை, திருவிழா நாட்களைத் தவிருங்கள். சாம்பிராணிப் புகை பலருக்குக் குமட்டலைக் கிளப்பும், தள்ளி நில்லுங்கள்.

காலைக் கவனியுங்கள். கேப்சிடபின் உள்ளங்காலைச் சிவக்க வைத்து உரிக்கும். பேக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் மரத்துப்போக வைக்கும். வெயிலில் கொதிக்கும் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்தபின்தான் தெரியும். கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொண்டு, திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். பழனியில் படி ஏறாமல் இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ போகலாம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்லி வைத்ததும் உள்ளே போக முடியாதவர்களுக்காகத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் ஞாயிறு திருப்பலியும் நோயாளிக்குக் கடமை அல்ல என்று அந்தந்த மதமே விலக்குக் கொடுத்திருக்கிறது.

பயணப் பையில் தெர்மாமீட்டர், கடைசி ரத்த ரிப்போர்ட், கீமோ அட்டை மூன்றும் இருக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் (ஃபாரன்ஹீட்டில் 100.4) உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுராத்திரியானாலும் அதே நேரத்தில் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு.

8. தீர்த்தம், பிரசாதம் வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம் ஆயிடாதா?

தீர்த்தத்தைக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம். குளத்து, கிணற்றுத் தண்ணீரும் பலர் கை பட்ட பாத்திரமும் 7ஆம் கேள்வியில் சொன்ன நாட்களில் ஆகாது. பல மாதம் பாட்டிலில் வைத்த ஜம்ஜம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கலாம். மந்திரித்த எண்ணெயைப் புண்ணிலும், கதிர்வீச்சு படும் இடத்திலும் தடவக் கூடாது. சூடாகத் தரும் பொங்கல், அப்போது வெந்த சுண்டல் பரவாயில்லை. பச்சைப் பழத்தைக் கையால் பிசைந்த பஞ்சாமிர்தம், பச்சைப்பால், கழுவாத துளசி வேண்டாம். கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் மற்றவருக்குக் கொடுத்தாலும் அது பிரசாதத்தை ஏற்றதுதான். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை.

9. கரண்ட் வைக்கிற இடத்துல விபூதி பூசலாமா? தாயத்து, தாலி எல்லாம் கழட்டச் சொல்றாங்களே?

கதிர்வீச்சு படும் தோலில் விபூதி, சந்தனம், மஞ்சள், மந்திரித்த எண்ணெய் எதுவும் கூடாது. தோல் ஏற்கெனவே வெந்தது போல் இருக்கும், தூள் உரசினால் உரியும். போட்ட கோடுகளையும் தேய்த்து அழித்துவிடாதீர்கள், அந்தக் கோட்டை வைத்துத்தான் தினமும் குறி பார்க்கிறார்கள். மார்பில் சிகிச்சை நடந்தால் நெற்றியில் தாராளமாக விபூதி இட்டுக்கொள்ளலாம். வாயில் போட மட்டும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பல விபூதிகளில் சுண்ணாம்பும் வெள்ளைக்கல் தூளும் கலந்திருக்கும், வாய்ப்புண்ணில் எரியும்.

தாலிதான் அழ வைக்கும் விஷயம். உலோகம் ஸ்கேன் படத்தைக் கெடுக்கும், எம்.ஆர்.ஐ.யில் சூடாகலாம், கதிர்வீச்சு படும் இடத்தில் கதிரைச் சிதறவைத்துத் தோலைப் புண்ணாக்கும். அதனால் கழற்றச் சொல்கிறார்கள். வழி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தாலியை அழித்துச் செய்யும்போது மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்துக் கட்டிக்கொள்வதில்லையா, அதையே செய்யுங்கள். முதல் நாளே வீட்டில் நல்ல நேரத்தில், கணவரோ மூத்த சுமங்கலியோ கயிறு மாற்றட்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் அவசரமாகக் கழற்றிக் கையில் கொடுக்கும் அந்த நிமிடம் யாருக்கும் வேண்டாம். கழுத்திலேயே கதிர் படுகிறது என்றால் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். அரைஞாண், ருத்திராட்சம், ஜெபமாலை, தாயத்து எல்லாவற்றையும் துணைக்கு வந்தவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம்.

10. மொட்டை வேண்டுதல் இருக்கு. கீமோவுல முடி கொட்டிடுச்சுன்னா அது சேருமா?

டாக்ஸோருபிசின், பேக்லிடாக்சல் போன்ற மருந்துகளில் முதல் டோஸுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அதனால் முதல் கீமோவுக்கு நாலைந்து நாள் முன்பே மொட்டை கொடுத்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது. கொத்துக்கொத்தாகத் தலையணையில் பார்க்கும் வேதனை குறைகிறது, முடியும் சாமிக்குப் போகிறது.

கீமோ தொடங்கிய பிறகு என்றால் இரண்டு நாளுக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் காட்டி அனுமதி வாங்குங்கள். தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் சின்னக் கீறலிலும் ரத்தம் நிற்காது. சவரக்கத்தி வேண்டாம், ட்ரிம்மர் போதும். கீறலில் சந்தனம் பூசாதீர்கள், தலையைத் துணியால் மூடுங்கள். பெண்கள் பூமுடி கொடுக்கலாம். கொட்டிய முடியை மஞ்சள் துணியில் சேர்த்துக் கோயிலில் செலுத்துபவர்களும் உண்டு.

வேண்டுதலுக்குக் கெடு கிடையாது. காசு முடிந்து வைப்பதே பிறகு செலுத்துகிறேன் என்று சொல்வதற்குத்தான். கீமோ முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி நன்றாக வளர்ந்துவிடும். அப்போது போங்கள்.

11. தீமிதி, பால்குடம், அங்கப்பிரதட்சணம் நேர்ந்துக்கிட்டாங்க. இப்ப என்ன செய்ய?

மரத்துப்போன பாதத்தோடு தீ மிதித்தால் சுடுவது தெரியாமலே நின்றுவிடுவார்கள், புண் மாதக்கணக்கில் ஆறாது. மார்பு அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கையில் கனத்தைத் தூக்குவதும் அலகு குத்துவதும் கை வீக்கத்தில் கொண்டுபோய் விடும். எலும்பில் புற்று பரவியவர் காவடி எடுத்தால் எலும்பு முறியலாம். அங்கப்பிரதட்சணத்தில் கீமோ போர்ட்டும் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த கருவி) தையலும் வயிற்றில் ஒட்டிய மலப்பையும் நசுங்கும். மண்சோறு, வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்கு விஷம் போல.

நேர்ந்தவர் வேறு, செய்பவர் வேறாக இருக்கலாம். மகன் காவடி எடுக்கலாம். அன்னதானம், விளக்கு, வெள்ளியில் உறுப்புக் காணிக்கை என்று மாற்றிக்கொள்ளலாம். குருக்களிடமோ பூசாரியிடமோ வெளிப்படையாகச் சொல்லி மாற்றினால் மனதில் உறுத்தல் நிற்காது.

12. அஷ்டமி அன்னைக்கு ஆபரேஷன் குடுத்திருக்காங்க. ஆடி முடிஞ்சு வெச்சுக்கலாமா?

தேதியைத் தள்ளாதீர்கள். தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் சேரும் நாள் அது. விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. கதிர்வீச்சில் இது இன்னும் முக்கியம். வாரம் ஐந்து நாள் வீதம் வைப்பதை இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் பெருகும். கருப்பைவாய்ப் புற்றில் உள்கதிர் (உடம்புக்குள்ளே வைத்துத் தரும் கதிர்வீச்சு) உட்பட மொத்தத்தையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் நெருக்குவது அதனால்தான்.

நேரம் பார்க்கும் மனசுக்கும் வழி உண்டு. பரஸ்தானம் வைக்கும் வழக்கம் தெரிந்ததுதானே. நல்ல நேரத்தில் துணிப்பையை முன்கூட்டியே பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. ஆஸ்பத்திரிப் பையையும் அப்படி வைக்கலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்தை ராகுகாலம் (திங்கள் என்றால் 7.30 முதல் 9, வெள்ளி என்றால் 10.30 முதல் 12) தவிர்த்துப் போடலாம். ஒரே நாளுக்குள் ஒரு மணி நேரம் முன்பின் ஆகுமா என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை.

13. கருப்பைவாய்ப் புற்றால ரத்தப்போக்கு இருக்கு. விளக்கேத்தலாமா? வயித்துல பை வெச்சவங்க தொழலாமா?

கேட்கவே கூச்சப்பட்டு, மாதக்கணக்கில் சாமி பக்கமே போகாமல் இருந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. நோயால் வரும் ரத்தம் மாதவிலக்கு அல்ல. மாதவிடாய் நின்று பல வருடம் ஆன பெண்ணுக்குத் தீட்டுக் கணக்கு எங்கிருந்து வரும்? வீட்டில் தாராளமாக விளக்கேற்றுங்கள். இஸ்லாமியச் சட்டத்திலும் நோயால் வரும் ரத்தம் தொழுகையைத் தடுப்பதில்லை. சுத்தம் செய்து, துணி வைத்து, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தால் போதும். மலப்பை, சிறுநீர்ப் பை வைத்தவர்களுக்கும் இதே வகைச் சலுகை இருக்கிறது.

வெளியே போகும் முன் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருந்தாலே காலி செய்யுங்கள், மாற்றுப் பை ஒன்று கையில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

14. வார்டுல ஊதுபத்தி, விளக்கு ஏத்தலாமா? மிஷினுக்குள்ள பயமா இருக்கே, எப்படி ஜெபிக்கிறது?

வார்டில் நெருப்பு கூடவே கூடாது. ஆக்ஸிஜன் குழாய் இருக்கும் அறையில் ஒரு பொறி போதும். பேட்டரி விளக்கு, துடைக்கக்கூடிய லேமினேட் படம் வைத்துக்கொள்ளலாம். ரத்தப் புற்று வார்டுகளில் பச்சைப் பூவும் கூடாது, அதன் ஈரத்தில் கிருமி வளரும்.

கதிர்வீச்சு மேடையில் பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். முகத்துக்கு மாஸ்க் போட்டிருந்தால் உதடும் அசையக் கூடாது, மனதுக்குள்தான் சொல்ல வேண்டும். நீளமான பாராயணம் வேண்டாம். கீமோவில் ஞாபகம் தடுமாறும், நடுவில் வரி மறந்தால் பதற்றம் கூடும். ஒரே ஒரு பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது ஒருமுறை, மெதுவாக விடும்போது ஒருமுறை. 108 சொல்லி முடிக்கும்போது மேடை பெரும்பாலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வாய்ப்புண்ணால் நற்கருணை விழுங்க முடியாதவர்கள் சிறு துண்டு கேட்டு வாங்கலாம்.

15. ஜெபிக்க வந்தவர் மாத்திரையை நிறுத்தச் சொல்றார். ஒரு சாமியார் பஸ்பம் குடுத்தார். என்ன பண்ண?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மேல் பாரத்தைப் போடு என்பது நபிமொழி. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல். வைத்தீஸ்வரன் கோயிலில் சிவனுக்கே பெயர் வைத்தியநாதர். நூறு சதவீதம் குணம் என்று வாக்குக் கொடுப்பவர், சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர், பெயரில்லாத பொட்டலம் கொடுப்பவர், ஒவ்வொரு முறையும் கூடுதல் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகுங்கள். ஹோமத்துக்கு நகையை அடகு வைக்கும் முன் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு.

சரியாகச் சுத்தி செய்யாத பஸ்பங்களில் பாதரசம், ஆர்சனிக், ஈயம் இருந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும், அதன் பிறகு கீமோவே கொடுக்க முடியாமல் போகும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பொட்டலத்தோடு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைப்பது இன்னும் ஆபத்து. சிகிச்சையை நிறுத்தி நாலு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்குபவர்களும் இன்றே போங்கள்.

16. சர்ச் சாமியார் வந்து நோயில்பூசுதல் குடுத்தா அம்மா பயந்துடுவாங்களே? கடைசி நேரம்னு நினைப்பாங்க.

நோயில்பூசுதல் என்பது குருவானவர் ஜெபித்து நோயாளிக்கு எண்ணெய் பூசும் கத்தோலிக்கச் சடங்கு. அதன் பழைய பெயரான ‘அவஸ்தைபூசுதல்’ தந்த பயம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருத்திய முறையில், இது கடும் நோயில் இருப்பவருக்கான அருட்சாதனம், சாகப்போகிறவருக்கு மட்டுமானதல்ல. பெரிய அறுவைக்கு முன் வாங்கலாம், நோய் மோசமானால் மறுபடியும் வாங்கலாம். அம்மா தெளிவாக இருக்கும்போதே, அவர் வாயால் கேட்க வைத்து, குடும்பம் சுற்றி நிற்க நடத்துங்கள்.

17. நாங்க இந்து. வேளாங்கண்ணி, நாகூர் போகலாமா? மதம் மாறினா குணமாகும்னு ஒருத்தர் சொல்றார்.

வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் எல்லா மதத்தாரும் காலங்காலமாக வேண்டிக்கொள்கிறார்கள். மனசு போகும் இடத்துக்குப் போங்கள். மாறினால் குணம் என்பதற்கு 1ஆம் கேள்வியின் பதிலே பதில். படுக்கையில் இருப்பவரிடம் அப்படி வற்புறுத்துவது அநியாயம். பார்வையாளர் வேண்டாம் என்று நர்ஸ் மூலம் சொல்லிவிடலாம்.

18. அப்பாவுக்கு விஷயம் தெரியாது. ‘அல்சர்’னு சொல்லி வேண்டுதலுக்குக் கூட்டிட்டுப் போறோம். சரியா?

அவருக்கு முடி கொட்டும்போது தெரிந்துவிடும். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார். அப்போது நோயை விட, எல்லோரும் சேர்ந்து மறைத்தார்கள் என்பதுதான் அதிகம் வலிக்கும். தன் நோய் தெரியாதவர் தனக்காக வேண்டிக்கொள்ளவும் முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். “ரிப்போர்ட் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்கப்பா?” என்று கேளுங்கள். வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதையும் மதியுங்கள். கேட்டால் மருத்துவரை வைத்துச் சொல்லுங்கள், கூடவே அடுத்து என்ன சிகிச்சை என்பதையும் சொல்லுங்கள். சன்னதிக்கு அதன் பிறகு கூட்டிப்போங்கள்.

19. ஒரு நாள்கூட விடாம வேண்டினோம். திரும்ப வந்துடுச்சு. எங்க நம்பிக்கையில குறையா?

இல்லை. அறுவைக்குப் பிறகு கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில செல்கள் உடம்பில் தங்கிவிடலாம், அவற்றில் சில மருந்துக்கு மசியாதவை. திரும்ப வருவது அதனால்தான். ஒருநாள் அழுததும் விளக்கு அணைந்ததும் வேண்டுதல் தள்ளிப்போனதும் காரணமில்லை. ‘தைரியமா இரு, அழாதே, நம்பு’ என்று சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் சொல்வது, திரும்ப வந்த நாளில் நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது. 3ஆம் கேள்வியில் சொன்ன முறையீடு இந்த இடத்துக்கும் பொருந்தும்.

20. வலியைத் தாங்கறதும் ஒரு தவம்தானே? மார்ஃபின் போட்டா சாமி நினைப்பே போயிடும்ங்கறாங்க.

வலி தாங்க முடியாதவருக்கு ஒரு வரி ஜெபிக்கவும் முடிவதில்லை. வலி குறைந்தபின்தான் பலர் மறுபடி ஜெபமாலையைக் கையில் எடுக்கிறார்கள். வலி நிவாரணிகளை ஏற்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். மார்ஃபின் தொடங்கிய இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது, முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்க்க வேண்டும். வலி வந்தபின் போடாமல் மணி பார்த்துப் போடுங்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக எடுத்துக்கொள்வது அடிமைத்தனம் ஆகாது.

21. டாக்டர் இனி ஒண்ணும் இல்லைங்கறார். அற்புதம் நடக்கும்னு வென்டிலேட்டர் வெக்கச் சொல்லட்டுமா?

அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரிடம் நடத்தி 2009இல் வந்த ஆய்வில், மத நம்பிக்கையை அதிகம் பற்றியிருந்தவர்கள்தான் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற கடும் சிகிச்சைகளை அதிகம் பெற்றிருந்தார்கள். நிறுத்தினால் நம்பிக்கை இழந்ததாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. அற்புதத்துக்கு வென்டிலேட்டர் தேவையில்லை. புற்று உறுப்புகளைச் செயலிழக்கச் செய்த நிலையில் அந்த மிஷின் நோயை மாற்றாது. வாயில் குழாய் போட்டால் பேச முடியாது, பெரும்பாலும் மயக்கத்தில் வைப்பார்கள், ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே குடும்பம் நிற்கும்.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது போட்டால் வீட்டுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டா? போடாவிட்டால் மூச்சுத்திணறலுக்கு என்ன தருவீர்கள்? வலி நிவாரணச் சிகிச்சைக் குழு வீட்டுக்கு வருமா? நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், யார் பக்கத்தில் இருக்க வேண்டும், காதில் என்ன ஓத வேண்டும் என்பது உட்பட. தேவாரமோ, யாசீனோ, ஜெபமாலையோ அவர் சொன்னதை எழுதி வையுங்கள். கலிமா சொல்லிக்கொடுக்கவும், உதட்டை ஈரப்பஞ்சால் நனைக்கவும், கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் முறை போட்டுக்கொள்ளுங்கள். செவி கடைசி வரை கேட்கலாம் என்பதால் அந்த அறையில் சொத்துப் பேச்சு வேண்டாம்.